இடது கை நீட்டிய பிள்ளை

பிரியமுள்ள மச்சானுக்கு,

சனி, ஞாயிறு இரண்டு நாளும் நம் பரமனின் சாரணர் முகாமில், சுருளி அருவிப் பக்கம் கூடாரத்தில் தங்கினோம். நீங்கள் எஸ்டேட்டில் இருப்பதால் துணைக்கு என் அப்பா வந்தார். கட்டில் இல்லையா என்று கேட்டுவிட்டு, தரையில் படுத்து நன்றாகக் குறட்டை விட்டார்.

காலையில் கொடியேற்றியதும் பிள்ளைகள் பெரியவர்களுக்குக் கை கொடுத்தார்கள். நம் பிள்ளை தாத்தாவுக்கு இடது கையை நீட்டினான்.

"ஏலே, யாருக்குடா பீச்சாங்கைய நீட்டுற?" என்று அப்பா கத்திவிட்டார்.

தீபாவளியன்று, சின்னவள் உங்கள் வலது தோளில் தூங்க, அவர் கொடுத்த வேட்டியை நீங்கள் இடது கையால் வாங்கினீர்களே, அன்றும் இதே சத்தம்தான். அதன்பிறகு நீங்கள் இறங்கி வரவேயில்லை. மலையில் அத்தனை வேலை போலிருக்கிறது.

வாத்தியார் ஓடிவந்தார். "அய்யா, சாரணர் வழக்கமே இதுதான். நெஞ்சுப் பக்கத்துக் கை. வேண்டியவுகளுக்குத்தான் குடுப்பாக."

அப்பா பேரனுக்குத் தன் இடது கையை நீட்டினார். அப்புறம் அவரைப் பிடிக்க முடியவில்லை. சமையல்காரருக்கும் பஸ் கண்டக்டருக்கும்கூட இடது கைதான்! கண்டக்டர் முறைத்தார்.

கம்பம் பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது அப்பா கேட்டார்: "ஆத்தா, மாப்பிள்ளை பொங்கலுக்கு வருவாகளா?"

வாருங்கள். மூட்டை முடிச்சையெல்லாம் வலது கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். இடது கை காலியாக இருக்கட்டும்.

உங்கள் பிள்ளைகளின் அம்மா