மார்வாவுக்கு மட்டும் போட்ட பூட்டு

ஸ்ட்ரெதம், லண்டன்
11.10.2009

அன்புள்ள மகள் துஷ்யாவுக்கு,

அம்மாவும் அப்பாவும் நல்ல சுகம், அப்பாவின் சீனி வருத்தம் மட்டும் ஏறி இறங்குகிறது, களவாய் லட்டு தின்றால் வேறென்ன நடக்கும். ரொறன்ரோக் குளிரில் நீயும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கப் பிள்ளையாரைக் கும்பிடுகிறேன்.

மார்வா ஏன் கடையில் இல்லை என்று நீ போனில் மூன்று தரம் கேட்டாய், மூன்று தரமும் லீவு என்றேன். அது பொய். எட்டு வருசம் எங்கள் கடையைத் திறந்து பூட்டிய அந்த ஜமேக்காக்காரி போன மாதம் வேலையை விட்டுவிட்டாள், காரணம் நான். வாயால் சொல்ல வெட்கமாக இருந்தது, அதனால் எழுதுகிறேன்.

கறுப்புப் பெண்கள் வாங்கும் தலைமுடிக் கிறீம், எண்ணெய், ஒட்டுமுடி எல்லாவற்றையும் கோடையில் கண்ணாடி அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். சவுத்தாலில் கடை வைத்திருக்கும் கிருஷ்ணராசா அண்ணை களவு குறையும் என்றார், நானும் செய்தேன். அலுமாரியைத் திறந்தால் ஆள் போகும்வரை பக்கத்தில் நிற்கவேண்டும் என்று காஷில் நிற்கும் பிள்ளைகளுக்குக் கட்டளை வேறு. ஒரு ஞாயிறு மார்வா சர்ச்சால் வரும் வழியில், தொப்பியும் நல்ல உடுப்புமாய், தனக்குக் கிறீம் வாங்க வந்திருக்கிறாள். ஞாயிறு மட்டும் வேலைக்குப் புதிதாய்ச் சேர்ந்த ரமாவுக்கு அவளைத் தெரியாது. பக்கத்திலேயே நின்று, போகும்போது கைப்பையையும் திறந்து காட்டச் சொல்லியிருக்கிறாள்.

திங்கட்கிழமை மார்வா ரமாவை ஒன்றும் சொல்லவில்லை, நேரே என்னிடம் வந்து, இந்த அலுமாரி எங்கட ஆக்களைக் கள்ளர் எண்டு சொல்லுது என்றாள். நான் விடுவேனா, கறுப்பர் என்று பார்த்தால் ஸ்டோர்ச் சாவி அந்தக் கறுப்புப் பெடியன் டெஸ்மண்டிடம் இருக்குமா, பெண் என்று பார்த்தால் காஷ் முழுக்கப் பெண்பிள்ளைகள் நிற்பார்களா, நானே பெண்தானே என்று கேட்டேன். கெட்டித்தனமாய்க் கேட்டுவிட்டதாக நினைப்பு. எட்டு வருசம் அக்கா என்று கூப்பிட்டவள் அன்று என்னை மிஸிஸ் வாமதேவன் என்றாள். டெஸ்மண்டுக்கு அந்த அலுமாரியில அலுவல் இல்லை, காஷில நிக்கிற உங்கட தமிழ்ப் பிள்ளையளுக்கும் இல்லை, கறுப்பாயும் பெண்ணாயும் இருக்கிற எங்களுக்கு மட்டும்தான் அந்தப் பூட்டு என்று சொல்லி ஏப்ரனைக் கழற்றி வைத்தாள்.

வாய்க்காரி, போகட்டும் என்றுதான் அப்பாவிடம் சொன்னேன். பிறகு ஸ்டொக் எடுத்துப் பார்த்தால் களவு போனது எல்லாம் சவர பிளேட்டும் குழந்தைப் பால்மாவும். தலைமுடிச் சாமானில் பூட்டுப் போட முதலும் ஒன்றிரண்டுக்கு மேல் போகவில்லை. இத்தனை வருசம் வியாபாரம் செய்கிற நான் அதைப் பாராமலே பூட்டுப் போட்டிருக்கிறேன். அண்ணையைக் குறை சொல்லி என்ன, அவர் சொல்ல முதலே என் மனம் அதை நம்பியிருந்தது. ஏப்ரலில் வன்னிச் சண்டையை நிறுத்தச் சொல்லி நாங்கள் பாராளுமன்றத்துக்கு முன்னால் கத்திக்கொண்டு நின்றபோது, தன் லீவு நாளில் வந்து பக்கத்தில் நின்றவள் அவள்.

அலுமாரியைக் கழற்றி எறிந்துவிட்டு அவள் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். மன்னிக்கிறதை நான் பிறகு ஆறுதலாய் யோசிக்கிறன், வேலைக்கு வரவேணுமெண்டால் மனேஜர் எண்டு எழுதித் தாங்கோ, ஆரைச் சந்தேகப்படுறதெண்டதையும் இனி நான்தான் சொல்லுவன் என்றாள். எங்கட சனம் என்ன சொல்லும் என்று அப்பா முணுமுணுத்தார். சனமா காலமை ஆறு மணிக்குக் கடை திறக்கிறது என்று கேட்டுவிட்டுக் கையெழுத்து வைத்துக் கொடுத்தேன். நாளைக்கு வருகிறாள்.

ஒபிசில் ஆள் எடுக்கும் பொறுப்பு உனக்கு வந்திருக்கிறது என்றாய். பெண்கள் இத்தனை பேர், கறுப்பர் இத்தனை பேர் என்று பட்டியல் காட்டுவார்கள், பார்க்க நன்றாகத்தான் இருக்கும். கறுப்புப் பெண்கள் எத்தனை பேர் என்று நீ தனியாய்க் கேள். நான் கேட்காமல் விட்டது அதுதான்.

நீண்ட ஆயுளோடும் நல்ல மனிதரோடும் வாழ்வாய், பிள்ளையார் துணையிருப்பார். இரும்புச்சத்துக் குளிசையை மறக்காமல் போடு. மார்வாவுக்குப் போன் எடு, சந்தோசப்படுவாள். ஆனால் அம்மா நல்லவள் என்று எனக்காகப் பேசப் போகாதே. அதை அவள் நாளையிலிருந்து பார்த்துச் சொல்லட்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா
நாகேஸ்வரி