ஓய்வுநாள் கட்டளை

திங்கள், இரவு.

பென்னலூர் எஸ்தர் மாலையில் சபைக்கு வந்தாள். ஒரகடத்துக் கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை. வீட்டில் சம்பாதிக்கிறவள் அவள் ஒருத்திதான்.

"இன்னிக்குக் கம்பெனி கேட்டாண்டயே நிறுத்திட்டாங்க ஐயா. இனிமே வராதன்னுட்டாங்க."

நேற்று ஷிப்டுக்கு அவள் போகவில்லை. ஓய்வுநாள், வர மாட்டேன் என்று சூப்பர்வைசரிடமே சொல்லியிருக்கிறாள்.

வேதாகமத்தை எளிய தமிழ்க் கவிதையாக மொழிபெயர்த்து வருகிறேன். போன வாரம் ஆராதனையில், ஓய்வுநாளில் வேலை செய்யாதே என்ற கட்டளையைப் படித்துக் காட்டினேன். நன்றாக வந்திருக்கிறதென்று எனக்குப் பெருமை வேறு.

"பழைய பைபிள்ல படிக்கசொல்ல, யாருக்கோ சொன்னதுன்னு இருந்தேன். நீங்க எழுதினதைக் கேட்டப்பதான் எனக்குச் சொன்னதுன்னு புரிஞ்சுது."

கோபமே இல்லை அவளுக்கு. திட்டியிருந்தால் தேவலை. புரிய வேண்டும் என்றுதானே இத்தனை வருடம் எழுதினேன்? புரிந்துவிட்டது.

"நீங்க அங்கியோட வந்து ஒரு வார்த்தை சொன்னா சேத்துப்பாங்க ஐயா."

வருகிறேன் என்றேன்.

நாளைக் காலை அந்த அங்கியைப் போட்டுக்கொண்டு கம்பெனி கேட்டில் நிற்க வேண்டும். இனி எல்லா ஞாயிறும் இவள் வேலைக்கு வருவாள் என்று என் வாயாலேயே சொல்ல வேண்டும்.