கடல்கோட்டுக்குக் கீழே இறங்கிய நட்சத்திரம்

இன்று தகரப்பெட்டியைத் திறந்தேன். நட்சத்திர உயரம் அளக்கும் செக்ஸ்டன்ட் கருவியைத் துடைக்கிற உங்கள் பழந்துணி கிடந்தது. தேங்காய் எண்ணெயும் பித்தளையும் கலந்த அதே வாடை. நீங்கள் போய் இத்தனை வருடமாகியும் உங்களையே மணக்கிறது, சண்டாளத் துணி!

அப்போது யுத்தம். கரை விளக்குகளை அணைத்துவிட்டார்கள். கொழும்புக்குத் தோணி ஓட்டும் தண்டல் உங்களுக்கு நட்சத்திரத்தை விட்டால் வேறு துணையில்லை. கண்ணாடிக்குள் அதைக் கடல்கோடுவரை இறக்கி, அதன் உயரத்தை அளப்பீர்கள். அளவு சரிதானா என்று அறிய, இடம் தெரிந்த நம் கரையிலேயே விடியுமுன் நின்று பார்ப்பீர்கள். கடிகாரம் என் கையில். எப்போதும் அளவு சற்றுக் கூடியே வந்தது. நட்சத்திரத்தைக் கோட்டில் நிறுத்தாமல் கீழே அமிழ்த்திவிடுவீர்கள்.

"இருந்துட்டுப் போட்டும்ளா. கணக்குல அந்தக் கூடுதலக் கழிச்சிட்டாச் சரியாப் போச்சு" என்பீர்கள். பிடிவாதக்காரர்!

பக்கத்தில் நின்ற எனக்குத்தான் கேட்டது. கருவியின் திருகைத் திருப்பும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வீர்கள். மூச்சு முட்டியதும் விரல் ஒரு இழை கூடுதலாகத் திருகிவிடும்.

"என்னத்துக்குக் கெடந்து மூச்சப் பிடிக்கிய? விட்டுட்டுத் திருவுங்க."

"ஸ்ரீவைகுண்டத்து வயக்காட்டுக்காரி எனக்குக் கடல் சொல்லித்தாரா பாரு!" என்று சிரித்தீர்கள். ஆனாலும் மூச்சை விட்டுவிட்டுத் திருகினீர்கள். நட்சத்திரம் கோட்டின்மேல் அப்படியே உட்கார்ந்தது. எனக்கு வந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்ல!

மறுநாளே தோணியில் பாய் விரித்துக் கொழும்புக்குக் கிளம்பினீர்கள். வழியனுப்பிவிட்டு வீடு வந்து உலை வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. பிழை போய்விட்டது, சரி. பழைய பழக்கத்தில் இன்னும் கழித்துக்கொண்டிருந்தால்? கிழக்கு நட்சத்திரத்தின் அளவு குறைந்தால், கிழக்கே இருக்கும் இலங்கைக் கரை, உள்ளதைவிடத் தூரத்தில் இருப்பதாகக் காட்டும் என்று நீங்கள்தானே சொன்னீர்கள். உலை பொங்கி அடுப்பே அணைந்தது. நான் எழுந்திருக்கவில்லை.

இலங்கைக் கரையோரப் பாறையில் தோணி மோதியதாகச் சேதி வந்தது. ஒருவரும் மிஞ்சவில்லை. துக்கம் கேட்க வந்த கடைக்கார அண்ணாச்சி, "காத்து அப்படி அடிச்சா தண்டல் என்னம்மா செய்வான்?" என்றார். காற்றாகவே இருக்கட்டும் என்று எத்தனை நாள் அழுதிருப்பேன்!

இப்போதும் விடியுமுன் கரைக்குப் போகிறேன். பின்னால் நீங்கள் மூச்சை இழுப்பது கேட்கிறது. விடுவது மட்டும் கேட்பதேயில்லை. பயமாக இருக்கிறது, ஆனாலும் போகாமல் இருக்க முடியவில்லை.

அதைக் கழித்தீர்களா, இல்லையா? அந்த ஒன்றை மட்டும் சொல்லிவிட்டுப் போங்கள்.