பேரில்லாத சொட்டு

மார்ச் 3, செவ்வாய்

முடித்துவிட்டேன். இரண்டு நிமிடம் பத்து நொடி. படம் தொடங்குமுன் பேர்கள் வருகிற பகுதிக்கு இது நீளம்தான். இருக்கட்டும்.

ஒரே ஒரு குழாய். இருட்டான சமையலறை, ஆள் இல்லை. குழாய் வாயில் சொட்டு திரள்கிறது. திரளும்போது வலது பக்கம் ஒரு பேர் தெரிகிறது. சொட்டு விழுந்ததும் பேர் மறைகிறது. மறுபடி சொட்டு, மறுபடி பேர். மொத்தம் பதினெட்டு. ஒவ்வொன்றும் முந்தையதைவிடக் கொஞ்சம் தாமதமாக விழும். கடைசிச் சொட்டு விழும்போது மட்டும் சத்தம் வராது. தொட்டியில் ஏதோ கிடக்கிறது. துணியோ, தலைமுடியோ, காட்டமாட்டேன். அதோடு படம் தொடங்கும்.

சத்தம் எங்கள் வீட்டுக் குளியலறைக் குழாயுடையது. மூன்று வாரமாக ஒழுகுகிறது. குழாய்க்காரரைக் கூப்பிடவிடாமல் நான்தான் தடுத்து வைத்திருக்கிறேன். அக்கா தினமும் கத்துகிறாள். "ஊர்ல எல்லாரும் ஒழுகுற குழாயை அடைப்பாங்க. நீ அதுக்கு மைக் வெச்சுட்டு உக்காந்திருக்கே."

பதினாறாவது சொட்டு என்னுடையது. 'தலைப்புக் காட்சி' என்று போட்டு, கீழே என் பேர் மட்டும். பதினோரு வருடத்தில் முதல் தடவை. இதுவரை படம் முடிந்து எல்லோரும் செருப்பைத் தேடுகிற நேரத்தில், நாற்பது பேரோடு நெருக்கியடித்துக்கொண்டு மேலே ஓடியிருக்கிறேன், அவ்வளவுதான். அக்கா அவள் வேலை செய்யும் துணித் தொழிற்சாலை முழுக்கச் சொல்லிவிட்டாள். நான் சொல்லாதே என்றேன். சந்தோஷமாகத்தான் சொன்னேன்.

மார்ச் 5, வியாழன்

தயாரிப்பாளர் பார்த்தார். அவருக்கு நாங்கள் வைத்த பேர் கத்திரி. எதைக் காட்டினாலும் வெட்டச் சொல்வார். கல்யாண ஆல்பத்தைக் காட்டினாலும் பாதிப் பேரை வெட்டச் சொல்வார்.

விளக்குப் போட்டதும் முதல் கேள்வி: "ஏம்மா, இது த்ரில்லரா, தண்ணி வாரிய விளம்பரமா?"

சிரிப்பதா வேண்டாமா என்று இயக்குநர் என்னைப் பார்த்தார். அவருக்கு இது முதல் படம்.

"இருபது நொடி போதும்மா. நெருப்பு, ரத்தம், கத்தி, டம் டம்னு நாலு அடி. ஜனங்க நிமிந்து உக்காரணும்."

"நிமிந்து உக்காந்தவங்க அடுத்த நிமிஷம் சாஞ்சுக்குவாங்க சார். அடிச்சா பயம் வராது. அடி எப்ப விழும்னு காக்க வெச்சாத்தான் வரும்."

"காக்க வெச்சா வீட்ல பாக்கிறவன் ரிமோட்டை எடுப்பான். ஸ்கிப்னு பட்டன் வரும். அமுக்கிட்டுப் போயிட்டே இருப்பான்."

"அவன் அமுக்காம இருக்கிற மாதிரி செய்யறதுதான் சார் என் வேலை. உங்க இருபது நொடியைத்தான் அவன் அமுக்குவான்."

பேச்சு ஏறியது. எனக்குத்தான் வாய் அடங்காதே! கடைசியில் எழுந்து நின்றுகொண்டே சொன்னேன்: "இதுல ஒரு ஃப்ரேம் மாறினாலும் என் பேர் இதுல இருக்கக் கூடாது. எழுதிக்கோங்க!"

அவர் அசரவில்லை. சட்டைப் பையிலிருந்து காகிதத்தை எடுத்து, நிஜமாகவே எழுதிக்கொண்டார். தேதியும் போட்டார். முடிவு 17ஆம் தேதியாம்.

வீட்டுக்கு வந்து இரண்டு முறை சாப்பிட்டேன். கோபம் வந்தால் எனக்கு அப்படித்தான்.

மார்ச் 6, வெள்ளி

ஏன் அப்படிக் கத்தினேன்? காரணம் எனக்குத் தெரியும். நாலு வருடத்துக்கு முந்தைய அந்த லிஃப்ட்.

அதுவும் கொலைப் படம்தான். காலி லிஃப்ட், மாடி எண்கள் ஒவ்வொன்றாக எரியும், ஒவ்வொரு எண்ணோடும் ஒரு பேர். ஐம்பது நொடி. அந்தப் படத்துக்காரர்கள் பதினைந்தாக்கச் சொன்னார்கள். ஆக்கினேன். தலையாட்டி, பல்லைக் காட்டி ஆக்கினேன். லிஃப்ட் மூன்றாம் மாடியிலிருந்து ஒன்பதுக்குத் தாவியது. தியேட்டரில் ஒருவன் சிரித்தான். அவன் சிரித்ததும் பக்கத்து வரிசையும் சிரித்தது.

இன்னொரு தடவை முடியாது. முடியவே முடியாது.

மார்ச் 8, ஞாயிறு

ஐயோ.

அக்காவுக்குக் காட்டினேன். கதை அவளுக்கு ஒரு வரிகூடத் தெரியாது. கையில் தேநீரோடு, முகம் அசையாமல், முழுவதும் பார்த்தாள். முடிந்ததும் வாயைத் திறந்தாள்.

"அந்த அஞ்சாவது ஆளுதானே கொலைகாரன்?"

எனக்குப் புரையேறிவிட்டது. அஞ்சாவது பேர் டாக்டராக வருகிற நடிகருடையது. கொலைகாரன் அவர்தான். அது கடைசிப் பத்து நிமிடத்தில்தான் தெரியவேண்டும்.

"யாருடி சொன்னா உனக்கு?" என்று கத்தினேன். அவள் எனக்கு நாலு வயது மூத்தவள். கோபத்தில் 'டி' வந்துவிடும்.

"நீதான் சொல்லியிருக்கே. எல்லாப் பேரும் சொட்டு விழுந்ததும் மறையுது. அவன் பேர் மட்டும் விழுந்த அப்புறமும் கொஞ்சம் நிக்குது. அவன்கிட்ட ஏதோ இருக்குன்னுதானே நிக்க வெச்சே?"

ஒரு நாளைக்கு எழுநூறு சட்டை பார்த்து, ஒரு தையல் விலகினாலும் பிடித்துத் தூக்கிப் போடுகிறவள் அவள். அவள் கண்ணில் எது தப்பும்?

ஓடிப்போய் எண்ணிப் பார்த்தேன். நொடிக்கு இருபத்துநாலு ஃப்ரேம். அவர் பேர் ஆறு ஃப்ரேம் கூடுதலாக நிற்கிறது. கால் நொடி. எப்போது வைத்தேன்? சத்தியமாக நினைவில்லை. எனக்குக் கதை தெரியும், அதனால் கையே நிறுத்திவிட்டது. பார்க்கிறவர்களைப் பயமுறுத்த வேண்டிய நான் பதிலையே கையில் கொடுத்திருக்கிறேன். இதற்கு லிஃப்ட்டே மேல்.

ஒரு ஃப்ரேம்கூட மாற்றமாட்டேன் என்று கத்தியது யார்? நான்தான். எழுதச் சொன்னதும் நான்தான்.

மார்ச் 9, திங்கள்

கால் நொடி. யார் கண்ணில் படப்போகிறது? அக்கா கண்ணில் பட்டதே!

மார்ச் 10, செவ்வாய்

ஒலிக்காரரிடம் மட்டும் சொன்னேன். அவரைக் காது என்போம். பதினோரு வருடமும் அவர் அறை பக்கத்து அறை.

"இதுக்கா இப்படி மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்கே? சத்தம் போடாம வெட்டிடு. கத்திரிக்கு ஆறு ஃப்ரேம் எங்க தெரியப்போகுது? அவர் நேத்து பாத்த படத்தையே இன்னைக்கு மறந்துடுவார்."

உண்மைதான். இரண்டு நிமிட வேலை. யாருக்கும் தெரியாது. விரலைப் பட்டன் மேல் வைத்துக்கொண்டு கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

முடியவில்லை. நான் நேர்மையின் சிகரம் என்பதால் அல்ல. திருட்டுத்தனமாக வெட்டிவிட்டு அந்த ஆள் முன்னால் நிமிர்ந்து நின்று 'இது மாறக் கூடாது' என்று எப்படிச் சொல்வது? குரல் காட்டிக் கொடுத்துவிடும். எனக்குப் பொய் வராது, சண்டைதான் வரும்.

17ஆம் தேதி எல்லார் முன்னாலும் சொல்லப்போகிறேன்.

மார்ச் 14, சனி

அக்கா கேட்டாள், "உன் பேர் எத்தனாவது சொட்டு?" பதினாறு என்றேன். விரல் விட்டு எண்ணிப் பார்த்துக்கொண்டாள். எழுந்து குளிக்கப் போய்விட்டேன். உள்ளே அந்தக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

மார்ச் 17, செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

"அஞ்சாவது பேர்ல ஆறு ஃப்ரேம் தப்பு. கொலைகாரன் யாருன்னு அது காட்டிக் கொடுக்குது. தப்பு என்னோடது. அதை எடுத்துட்டேன். மத்த எதுவும் தப்பு இல்லை. மத்ததைத் தொட விடமாட்டேன்."

போட்டுக் காட்டினேன். இயக்குநர் முகம் வெளுத்துவிட்டது. அவரும் முப்பது தடவை பார்த்தவர், அவருக்கும் தெரியவில்லை.

கத்திரி மட்டும் நிதானமாகப் பையில் கையை விட்டார். அதே காகிதம். நாலாக மடித்து வைத்திருக்கிறார், மனுஷன்! "எழுதிக்கோங்கன்னு நீங்கதானேம்மா சொன்னீங்க? ஒரு ஃப்ரேம் மாறினாலும் பேர் இருக்கக் கூடாதுன்னு. இப்ப ஆறு மாறியிருக்கு."

"ஆமா. சொன்னேன்."

"சரி, கோபத்துல சொன்னது. விட்டுடலாம். இருபது நொடிக்கு வாங்க. பேர் இருக்கட்டும், பெரிசாவே போடறேன்."

என்னைச் சரியாகத்தான் எடை போட்டிருக்கிறார். இந்தப் பேருக்காகப் பதினோரு வருடம் காத்திருந்தது எல்லாருக்கும் தெரியும்.  

"பேரை எடுத்துக்கோங்க சார். காட்சி முழுசாப் போகணும். ரெண்டு நிமிஷம் பத்து நொடி, அதுல ஆறு ஃப்ரேம் கம்மி."

அவர் இதை எதிர்பார்க்கவில்லை. வாயைத் திறந்தார், மூடினார். அந்த இடைவெளியில்தான் இயக்குநர், இரண்டு கூட்டத்திலும் நகத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்த அந்தத் தம்பி, பேசினார். "முழுசாவே போகட்டும் சார். எல்லார் முன்னாடியும் நீங்கதானே காகிதத்தை எடுத்தீங்க? அதுல பேரை எடுக்கணும்னுதான் இருக்கு, காட்சியை வெட்டணும்னு இல்லை."

கத்திரி என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, காட்சி முழுசாகவே போகலாம் என்று கையெழுத்துப் போட்டார்.

மார்ச் 18, புதன்

என் பேரை நானே அழித்தேன். வேறு யாரையும் தொடவிடவில்லை.

காது வந்து பின்னால் நின்றார். "அந்தச் சொட்டையும் எடுத்துடட்டுமா? பேர் இல்லாம சும்மா ஒழுகுதே."

"வேண்டாம். அவர் கேட்டது பேரை. சொட்டைக் கேக்கலை."

 காது தன் அறைக்குப் போய், பதினாறாவது சொட்டின் சத்தத்தை மட்டும் கொஞ்சம் கூட்டி வைத்தார். நான் கேட்கவே இல்லை, அவராகச் செய்தார்.

மதியம் கழிவறையில் போய் அழுதேன். ஐந்து நிமிடம். முகம் கழுவிக்கொண்டு வந்து அடுத்த வேலையைத் திறந்தேன்.

அக்காவிடம் சொல்லவேண்டும்.

ஏப்ரல் 20, திங்கள்

சொல்லவில்லை. படம் வெளியாகிற வெள்ளிக்கிழமை மதியக் காட்சிக்கு இன்று அவள் ஒரு வரிசை முழுக்க டிக்கெட் எடுத்துவிட்டாள். தொழிற்சாலைப் பெண்கள் பதினாலு பேர், அரை நாள் விடுப்பு போட்டு வருகிறார்களாம். என் பேரைப் பார்க்க.

ஏப்ரல் 24, வெள்ளி

மதியக் காட்சி முடிந்து வீடு வந்து எழுதுகிறேன். 

பதினாலு பேரும் ஒரே வரிசை. வரிசை நடுவில் அக்கா, அவளுக்குப் பக்கத்தில் நான். முன்னால் நாலைந்து பேர் கையில் கைப்பேசி வெளிச்சம். விளக்கு அணைந்தது. முதல் சொட்டு. பின்னால் ஒருவன், "என்னடா, குழாயை மூடுங்கடா" என்றான். ஆகட்டும், சொல்லிக்கோ.

நாலாவது சொட்டில் கைப்பேசி வெளிச்சம் ஒவ்வொன்றாக அணைந்தது. அஞ்சாவது சொட்டு விழுந்தது, பேரும் கூடவே போனது. அக்காவை ஓரக்கண்ணால் பார்த்தேன். அசையவில்லை. பத்தாவது சொட்டுக்குப் பிறகு யாரும் இருமவில்லை. குழாயை மூடச் சொன்னவனும் வாயை மூடிவிட்டான்.

பதினாறு.

அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். பதினாலு பேரும் நிமிர்ந்தார்கள். சொட்டு திரள்கிறது. எல்லார் கண்ணும் வலது பக்கம் போகிறது. பதினைந்து தடவை பழக்கியிருக்கிறேனே! அங்கே ஒன்றும் இல்லை. சொட்டு பெரிதாகிறது, விழவில்லை. இன்னும் பேர் வரவில்லை. "பேர் எங்க?" என்று யாரோ கிசுகிசுத்தார்கள். "ஷ்ஷ்" என்றார்கள் வேறு யாரோ. சொட்டு தொங்குகிறது. பேரில்லாதது யார்? யாருக்கு என்ன ஆயிற்று? தியேட்டர் மொத்தமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்தக் காலி இடத்தையே பார்த்தது. பிறகு விழுந்தது. பின்வரிசையில் ஒரு பெண் வாய்விட்டு அலறிவிட்டாள். வெறும் தண்ணீருக்கு!

பிறகு கத்திரி பேர். பிறகு இயக்குநர் பேர். கடைசிச் சொட்டுக்குச் சத்தம் வரவில்லை.

என் பேர் இருந்திருந்தால் அந்த அலறல் வந்திருக்காது. எனக்கு அது அங்கேயே தெரிந்துவிட்டது. தெரிந்தும் பொறுக்கவில்லை.

இடைவேளையில் அக்கா என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துப் போனாள். "பதினாறாவது சொட்டுல பேரைப் பிடுங்கியிருக்கீங்க. உன்னோடதுதானே? ஏன்?"

எல்லாவற்றையும் சொன்னேன். ஆறு ஃப்ரேம், காகிதம், எல்லாம்.

"என்னாலயா போச்சு?"

"உன்னாலதான்டி படம் பொழச்சுது."

 "லூசு. ஒரு மாசமா எங்கிட்ட மறைச்சிருக்கே" என்று திட்டினாள். பிறகு நடைக்கூடத்தில் பண்டங்களோடு நின்ற பதினாலு பேரைப் பார்த்துத் திரும்பி, கூட்டம் மொத்தமும் கேட்கிற மாதிரி குரல் கொடுத்தாள்.

"ஏய், இங்க பாருங்கடி! பேரில்லாம விழுந்துச்சே ஒரு சொட்டு, எல்லாரும் பயந்தீங்களே, அது என் தங்கச்சி!"

எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை. யாரோ ஒருத்தி கை தட்டினாள். ஒருத்தி வந்து, "அந்த டாக்டர் நல்லவர்தானே?" என்று கேட்டாள்.

"ரொம்ப நல்லவர்" என்றேன்.

மே 4, திங்கள்

குழாய்க்காரர் காலையில் வந்து சரிசெய்துவிட்டுப் போனார். வீடு அமைதியாக இருக்கிறது. அக்காவுக்கே பிடிக்கவில்லை, "என்னமோ மாதிரி இருக்கு" என்கிறாள்.

மதியம் கத்திரி கூப்பிட்டார். குரலில் தேன். "ஏம்மா, எல்லாரும் அந்தப் பேரில்லாத சொட்டைப் பத்தித்தான் பேசுறாங்க. நம்ம ஐடியா நல்லா வேலை செஞ்சுது பாத்தீங்களா?"

நம்ம ஐடியாவாம்!

"அடுத்த படமும் நீங்கதான். அதே மாதிரி பேரில்லாம ஒண்ணு வெச்சுடுங்க."

"அது ஒரு தடவைதான் சார் நடக்கும். அடுத்த படத்துல என் பேர் தனியா வரும். முழுத் திரையில, அஞ்சு நொடி. காட்சி எவ்வளவு நீளம்னு நான் சொல்வேன், நீங்க வெட்டக் கூடாது. இதுக்கெல்லாம் சம்மதம்னா வரேன்."

மறுமுனையில் பேச்சு இல்லை. நானும் பேசவில்லை. காக்க வைப்பது என் தொழில்.

"சரிம்மா" என்றார்.

"எழுதிக்கோங்க சார்."

அவர் காகிதம் தேடுகிற சத்தம் கேட்டது.