ஆங்கில நேரத்தில் அடைத்துப்போன வாய்

என் மகளே,

நேற்றிரவுப் பட்டினிக்கும் சேர்த்து இரண்டு முட்டை அவித்து மூடி வைத்திருக்கிறேன். மிச்சம் வைக்காதே.

இரவுச் சாப்பாடு வரை வீட்டில் ஆங்கிலம் மட்டுமே பேச வேண்டும் என்பது உன் ஆசிரியை தந்த வீட்டுப்பாடம். அந்த நேரம் பார்த்து, பேச்சுப் போட்டிக்கு வெளியூர் போகலாமா என்று ஆங்கிலத்தில் கேட்டாய். தொழிற்சங்க மேடையில் முதலாளிகளை நடுங்க வைக்கும் என் வாய் ஒரு சொல்லும் கிடைக்காமல் ஒட்டிக்கொண்டது. உன் பாடத்தைக் கெடுத்துத் தமிழில் பேசவும் மனம் வரவில்லை. நான் வாயடைத்து நின்றதை மறுப்பென்று எண்ணி, கோபித்துக்கொண்டு படுத்தாய். சாப்பாட்டு நேரமானதும் தமிழில் சொல்ல நான் ஓடி வருவதற்குள் தூங்கியும்விட்டாய்.

“உங்கம்மா வாய அடைக்க இத்தன வருஷமா வழி தேடுனேன், இது தோணாம போச்சே!” என்று அப்பா சிரிக்கிறார்.

பெண் வெளியூர் போய்ப் பேசலாமா என்று கேட்பவர்களோடு ஊரெல்லாம் மல்லுக்கு நிற்பவள் நான். என்னையே அவர்கள் வரிசையில் நிறுத்திவிட்டாயே, அடி கள்ளி! போ. அரங்கம் அதிரப் பேசிவிட்டு வா.

அம்மா

பி.கு: சாவி கீழ்வீட்டு அக்காவிடம்.

இன்னொன்று: மாலையில் அதே கேள்வியை ஆங்கிலத்திலேயே மறுபடி கேள். பதிலை வேலைக்குப் போகும் பேருந்திலேயே உரக்கச் சொல்லிப் பழகப்போகிறேன். பக்கத்து இருக்கைக்காரர் எழுந்து ஓடினாலும் சரி.