இரட்டைக் கயாக்கின் முன் இருக்கை

மினியாபொலிஸ்
ஜூன் 9

அன்புள்ள அப்பாவுக்கு,

போனில் சொல்லக்கூடியதைக் கடிதமாக எழுதி, உங்களைக் கண்ணாடி தேடவைத்ததற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். நீங்கள் எப்போதும் போனை ஸ்பீக்கரில் போட்டுச் சமையல் மேடையில் வைத்துவிடுகிறீர்கள். கொரின் அண்ணி கேட்டுக்கொண்டிருந்தால் எனக்குப் பேச்சு வராது.

இங்கே நலம். ஆய்வகத்தில் என்னை நிரந்தரமாக்கிவிட்டார்கள். நம் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன ஒரே ஆள் நாளெல்லாம் குடிதண்ணீரைக் குப்பியில் ஆட்டிப் பார்க்கிறாள். உங்கள் தோள் எப்படி இருக்கிறது? மருத்துவர் சொன்ன பயிற்சியைச் செய்கிறீர்களா, செய்ததாகச் சொல்கிறீர்களா?

அந்தத் தோளால்தான் உங்களுக்குத் துடுப்பு போட ஆள் தேவைப்பட்டது. அண்ணன் மரலாரியோடு போய்விடுகிறான், அண்ணி வந்தாள். நியாயம்தான். ஆனாலும் போன மாதம் நான் ஊருக்கு வந்த மறுநாள், நம் இரட்டைக் கயாக் படகின் முன் இருக்கையில் அவள் பாட்டுக்கு ஏறி உட்கார்ந்தாள். பத்து வயதிலிருந்து அது என் இடம். உங்களுக்கு எதுவும் தோன்றவில்லை. பக்கத்து வீட்டு லாய்டிடம் ஒற்றைக் கயாக் இரவல் வாங்கி, விருந்தாளிக்குக் கொடுப்பதுபோல எனக்குக் கொடுத்தீர்கள்.

துறையில் லாய்ட், "என்ன மீனு பிடிக்கப் போற மார்னி?" என்று கேட்டார். "சிவப்புவால் சர்ஃப் பெர்ச்" என்றேன். நம் ஊர் பிங்க்ஃபினுக்குப் பாடப்புத்தகம் வைத்திருக்கும் பெயர் வாயில் வந்துவிட்டது. "அடேங்கப்பா! அந்த மீனெல்லாம் நம்ம வின்செஸ்டர் பேயில ஏது? இங்க வெறும் பிங்க்ஃபின்தாம்மா" என்று தொடையில் தட்டிச் சிரித்தார். "விடுய்யா, புரொபசர் அம்மா களைச்சு வந்திருக்காங்க" என்று நீங்களும் சேர்ந்துகொண்டீர்கள். அண்ணியோ, "மாமா, இன்னிக்கு பிங்க்ஃபின் கல்சுவரை ஒட்டித்தான் நிக்கும்" என்றாள். ஐடஹோ உருளைக்கிழங்கு வயலில் வளர்ந்தவள். மூன்று வருடத்துக்கு முன் தூண்டிலில் இறால் கோக்கக் கையுறை கேட்டவள்.

அவள் சொன்ன இடத்தில்தான் மீன் நின்றது. கடலுக்குள் நீளும் கல்சுவருக்குப் பின்னால், அலை எட்டாத மூலையில், அவள் ஏழு பிடித்தாள். ஒவ்வொன்றுக்கும் "சபாஷ் பார்ட்னர்" என்றீர்கள். எனக்கு ஒன்றும் கடிக்கவில்லை.

கடைசியில் ஒன்று கடித்தது. அவளுடைய ஏழையும்விடப் பெரியது. அந்த மீன் முட்டை இடாது, குட்டி போடும். அதற்காகத்தான் அந்த மாதம் கடலிலிருந்து உள்ளே வருகிறது. வயிறு உருண்ட மீனைத் தண்ணீரை விட்டுத் தூக்காமல் படகோரத்திலேயே முள்ளைக் கழற்றி விடுவது நம் வழக்கம். நான் அதை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து, தலைக்கு மேலே தூக்கி, "அப்பா, இங்க பாருங்க!" என்று கத்தினேன். என் மடியெல்லாம் குட்டிகள் கொட்டின. கட்டைவிரல் அளவில், செதிலோடும் துடுப்போடும் துள்ளின.

"ஐயோ, அள்ளு மார்னி, அள்ளு!" என்று அண்ணிதான் கயாக்கைப் பக்கத்தில் ஓட்டி வந்து, தன் தொப்பியில் வாரித் தண்ணீரில் விட்டாள். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. நீங்கள் மெதுவாக அவளிடம், "மறந்திருப்பா, பாவம். ஊரை விட்டுப் போய் எவ்வளவு நாளாச்சு" என்றீர்கள்.

நான் மறக்கவில்லை, அப்பா. மீன் மேலே வரும்போதே அதன் வயிற்றைப் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் தூக்கினேன். நீங்கள் திரும்பிப் பார்க்க வேண்டும் என்று தூக்கினேன். திட்டியிருந்தால்கூடத் தேவலை. வெளியூர்க்காரிக்குச் சொல்வதுபோல எனக்காகச் சமாதானம் சொன்னீர்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். காற்று கிளம்பும் முன் கரைக்கு வந்துவிடுங்கள். அண்ணனுக்கும் அண்ணிக்கும் என் அன்பு.

உங்கள் மகள்,
மார்னி

கையெழுத்துப் போட்டும் உறையை ஒட்ட முடியவில்லை. ஜூலையில் ஒரு வாரம் வருகிறேன். ஒரு காலை, உங்களை வைத்து நான் துடுப்பு போடுகிறேன். அண்ணியிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். "நல்லா போய்ட்டு வாங்க" என்று சிரித்துக்கொண்டே இறங்கிவிடுவாள். அவள் அவ்வளவு நல்லவளாக இருப்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அன்றைக்கு மட்டும், பாவம் என்று பார்த்து, அவளையும் ஒற்றைக் கயாக்கில் பின்னால் வரச் சொல்லிவிடாதீர்கள், அப்பா.