கடைசி ஊசியும் சாத்திய கதவும்

பிப்ரவரி 6

அன்புள்ள சீனியருக்கு,

போனில் பேசினால் மூன்றாவது வாக்கியத்திலேயே நமக்குள் முட்டிக்கொள்கிறது. அதனால் பேனாவை எடுத்துவிட்டேன். உங்கள் பண்ணை மாடுகள் எல்லாம் சுகமா? கட்டிய கணவரை விட்டுவிட்டு மாடுகளை முதலில் விசாரிக்கிறேன் என்றால், கோபம் இன்னும் போகவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பண்ணை வேலைக்கு ஆறு மாதம் என்று சொல்லி நம் பிராணிகள் ஆஸ்பத்திரியை என் தலையில் கட்டிவிட்டுப் போனீர்கள். ஒன்றரை வருடம் ஆகிறது. கடிக்கிற நாயைக்கூடச் சமாளித்துவிடுவேன், மனிதர்களை மேய்ப்பதுதான் பெரும்பாடு. நீங்கள் இருந்தபோது நானும் அவர்களில் ஒருத்தி. இப்போது டீ குடிக்கும் அறைக்குள் நான் கால் வைத்தால் பேச்சு நின்றுவிடுகிறது. பெரிய நர்ஸ் எழுந்து, கழுவி வைத்த டம்ளரையே மறுபடி கழுவுகிறாள். ரிசப்ஷன் பெண், அதுதான் நம் ஒலிபெருக்கி, அவளே வாயை மூடிக்கொள்கிறாள் என்றால் பாருங்கள்.

போன மாதம் சின்ன டாக்டர், ஒரு கிழட்டு நாய்க்குத் நிரந்தரமாகத் தூங்க வைக்கும் ஊசி போட்டுவிட்டு, மருந்து அறையில் நின்று தேம்பித் தேம்பி அழுதாள். அன்றே சொல்லிவிட்டேன்: இனி அந்தக் கடைசி ஊசியை எந்தப் பிராணிக்கும் நானே போடுவேன், மற்றவர்கள் வெளியே இருந்தால் போதும். கதவைச் சாத்திக்கொண்டு தனியாகத்தான் செய்கிறேன். அவர்களாவது நிம்மதியாகத் தூங்கட்டும். எனக்குத்தான் வீட்டுக்கு வந்தால் பேச ஆளில்லை. டிவியில் செய்தி வாசிக்கிறவரிடம் "சாப்டீங்களா" என்று கேட்காத குறை.

எப்போது வருகிறீர்கள்? சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள்.

உங்கள்
ஜூனியர்

•

பிப்ரவரி 19

அன்பு ஜூனியருக்கு,

மாடுகள் சுகம். உன் கடிதத்தை அவற்றுக்கு வாசித்துக் காட்டினேன். ஒன்று மட்டும் தலையை ஆட்டியது. அதற்குக் காதில் புண்.

பெரிய நாற்காலியில் உட்கார்ந்தவரைப் பார்த்தால் யாருக்கும் பேச்சு வராது. என்னைப் பார்த்தும் அப்படித்தான் நிறுத்துவார்கள். நீ அவர்கள் பக்கம் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்ததால் உனக்குத் தெரியவில்லை. டியூட்டி அட்டவணையை மாதம் பிறக்கும் முன்பே ஒட்டிவிடு, பாதி முணுமுணுப்பு அடங்கிவிடும். ஒலிபெருக்கியிடம் மட்டும் எதையும் முன்கூட்டிச் சொல்லாதே. கடைசி ஊசியை நீயே போடுவது சரிதான். நாலு பேருக்குத் தலைமை என்று வந்துவிட்டால் கஷ்டத்தை நாம்தான் விழுங்க வேண்டும்.

இங்கே மாடுகள் கன்று போடும் நேரம், தலை சொறியக்கூட ஒழியவில்லை. வருவதைப் பற்றி விரிவாக எழுதுகிறேன். அங்கே குளிர் அதிகம் என்று கேள்விப்பட்டேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்
சீனியர்

•

மார்ச் 15

அன்புள்ள சீனியருக்கு,

சின்ன டாக்டர் ராஜினாமா கொடுத்துவிட்டாள். என்ன குறை என்று கேட்டேன். அவளுக்காகப் பெரிய நர்ஸ்தான் வெடித்தாள்.

"குறை அவகிட்ட இல்ல டாக்டர். ஒரு தடவ அழுதான்னு, லாயக்கில்லாதவ மாதிரி அவளை ஒதுக்கி வச்சிட்டீங்க. எங்களையும் சேர்த்துத்தான். அந்த மஞ்சப் பூனைக்குக் குட்டியில இருந்து மருந்து குடுத்தவ நான். என் குரலைக் கேட்டாத்தான் அது அடங்கும். அது போற நேரத்துல என்னை வெளிய நிக்க வச்சுக் கதவைச் சாத்திட்டீங்க. உள்ள அது கத்தினது எனக்குக் கேட்டுச்சு."

"உங்களுக்கெல்லாம் மனசு கஷ்டப்படக் கூடாதுன்னுதான்..."

"கஷ்டப்படட்டுமே. அதுங்க நாங்க வளத்த புள்ளைங்க மாதிரி. கூட இருந்து அனுப்பி வச்சா அழுதாலும் மனசு ஆறும்."

டீ அறையில் பேச்சு நின்றது நாற்காலிக்குப் பயந்து அல்ல. என்மேல் அத்தனை வருத்தம். அது தெரியாமல் நான் தியாகி வேஷம் போட்டுக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

அன்றே மாற்றிவிட்டேன். வைத்தியம் பார்த்தவர்கள், விரும்பினால், கடைசிவரை கூட இருக்கலாம். வெள்ளிக்கிழமை ஒரு கிழ முயல் வந்தது. பெரிய நர்ஸ் மடியில் வைத்துக்கொண்டாள், சின்ன டாக்டர் ஊசி போட்டாள், நான் சும்மா நின்றேன். மூன்று பேரும் அழுதோம். ராஜினாமாவைத் திரும்ப வாங்கிக்கொள்வதாக அவள் இன்னும் சொல்லவில்லை. ஆனால் மறுநாள் வேலைக்கு வந்தாள்.

வீட்டுக்கு வந்து உங்கள் கடிதத்தை மறுபடி படித்தேன். மாடு இருக்கிறது, அட்டவணை இருக்கிறது, குளிர் இருக்கிறது. நான் கேட்டதற்கு மட்டும் பதில் இல்லை. நீங்களும் என் மனசு நோகக் கூடாதென்று கதவைச் சாத்திக்கொண்டீர்களோ என்று பயமாக இருக்கிறது. தயவுசெய்து சொல்லிவிடுங்கள். அழவேண்டி வந்தால் அழுதுகொள்கிறேன்.

உங்கள்
ஜூனியர்

•

மார்ச் 30

ஜூனியருக்கு,

நான் வரப்போவதில்லை. போன மழைக்காலத்திலேயே இங்கு நிரந்தரமாக இருக்கக் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

வேறு யாரும் இல்லை, அதை மட்டும் நம்பு. இங்கே ஓர் அறை, ஒரு கட்டில், விடிந்தால் மாடுகள். நம் வீட்டைவிட இது எனக்குப் பிடித்துப் போய்விட்டது. இதை உன்னிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல்தான் போனில் சண்டைக்கு இழுத்தேன்.

மன்னித்துவிடு என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது.

சீனியர்

•

ஏப்ரல் 11

சீனியருக்கு,

கடிதம் வந்தது. வீட்டில் தனியாகப் பிரிக்கத் தைரியம் வராமல் ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போய், டீ அறையில் உட்கார்ந்து பிரித்தேன். ஒலிபெருக்கி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "என்ன டாக்டர், ஒரு மாதிரி இருக்கீங்க?" என்றாள். தலைவலி என்று சொல்ல வாயெடுத்தேன். என்னவோ, சொல்லிவிட்டேன். "அவர் இனிமே வரமாட்டாராம்."

பெரிய நர்ஸ் நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். சின்ன டாக்டர், "அடுத்த கேஸ் நான் பாத்துக்கறேன், நீங்க எந்திரிக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். ஒலிபெருக்கி என்னைவிட அதிகமாக அழுது தொலைத்தாள்.

மாலையானால் அவர்களும் அவரவர் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். அதன்பிறகு எனக்கு இந்த வீடு தாங்கவில்லை. உங்களிடம் வீறாப்பாகப் பொய் எழுத விருப்பமில்லை. சொன்னதற்கு நன்றி. முன்பே சொல்லியிருக்கலாம்.

வாசல் பலகையில் என் பெயருக்கு மேலே உங்கள் பெயர் இருக்கிறது. அதை எடுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரி பூட்டியிருக்கும்போது, யார் கண்ணிலும் படாமல் நானே ஏறிக் கழற்றிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். இப்போது திங்கட்கிழமைக்கு மாற்றிவிட்டேன், எல்லாரும் வந்தபிறகு. ஏணியைப் பிடிக்க ஆள் வேண்டுமே.

ஜூனியர்